தூண் மாமா உட்கார்ந்த நாள்

ஸ்ரீரங்கத்து ஆயிரங்கால் மண்டபத்தில் போய் எண்ணிப் பாருங்கள், ஆயிரம் கால் தேறாது. குறைகிற கால்களில் ஒன்று எங்கே போயிற்று என்பது எனக்குத் தெரியும். அது வேட்டி கட்டிக்கொண்டு, நெற்றியில் திருமண் இட்டுக்கொண்டு, திருச்சியில் எங்கள் காலேஜ் ஜிம்மின் ஐந்தாவது படியில், எனக்கு நேர் முன்னால் பத்து வருஷம் நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், உலகத்தில் வேறு எந்த மனிதரின் முதுகையும் நான் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

அவர் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. தபால் ஆபீசில் ஸ்டாம்ப் கவுன்ட்டரில் உத்தியோகம், வீடு ஸ்ரீரங்கம், ஊர் வைத்த பெயர் தூண் மாமா. அந்தப் பெயருக்குக் காரணம் இருக்கிறது.

இப்போதைய பிள்ளைகளுக்கு ஜிம் என்றால் கண்ணாடி முன்னால் நின்று எடை தூக்குகிற இடம். எங்கள் ஜிம் அந்த ஜாதி இல்லை. தகரக் கூரை போட்ட பெரிய கொட்டகை. நடுவில் பாஸ்கெட்பால் மைதானம், இரண்டு பக்கமும் மரப்படி வைத்த கேலரி, கூரையைத் தாங்க எட்டு இரும்புத் தூண். பொங்கல் முடிந்த கையோடு அங்கே டோர்னமெண்ட் ஆரம்பிக்கும். ஊரில் பாதி உள்ளே இருக்கும், மீதி ஜன்னல் கம்பியில் தொங்கும். நம் டீம் பந்தை வளையத்தில் போட்டுவிட்டால் அத்தனை பேரும் சேர்ந்து மரப்படியை மிதிப்போம். கூரையில் சேர்ந்திருந்த தூசியெல்லாம் தலையில் கொட்டும். வீட்டுக்குப் போனால் அம்மா "ஜெயிச்சீங்களாடா?" என்று கேட்கவே மாட்டாள். தலையைப் பார்த்தே தெரிந்துகொண்டு வெந்நீர் போடப் போய்விடுவாள்.

எழுபதுகளின் ஆரம்பம். பி.யு.சி. சேர்ந்த புதிது. முதல் ஆட்டம் பார்க்க இரண்டு மணி நேரம் முன்னாலேயே போய், ஆறாவது படியில் நட்ட நடுவில் ராஜா மாதிரி இடம் பிடித்து உட்கார்ந்தேன். விசில் ஊதினார்கள். அதுவரைக்கும் எங்கேயோ வாசலில் நின்றுகொண்டிருந்த ஆறடி மனிதர் ஒருவர் வந்து எனக்கு முன்னால் நின்றார். நின்றார் என்றால் நின்றார், அவ்வளவுதான்.

"சார், கொஞ்சம் உக்காருங்க. மறைக்குது."

அவர் திரும்பவே இல்லை. "நீ எழுந்துக்கோயேன்."

"நான் எழுந்தா பின்னாடி இருக்கிறவருக்கு மறைக்குமேங்க?"

"அவரையும் எழுந்துக்கச் சொல்லு. எல்லாத்தையும் நானேவா சொல்லணும்?"

வேறு வழி? எழுந்தேன். எனக்குப் பின்னால் இருந்தவர் என்னைத் திட்டிக்கொண்டே எழுந்தார். அவருக்குப் பின்னால் இருந்தவர் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டிக்கொண்டு எழுந்தார். இப்படியே ஜன்னல் வரைக்கும் போயிற்று. எதிர்க் கேலரியிலிருந்து பார்த்தால், எல்லோரும் உட்கார்ந்திருக்க, நடுவில் ஒரே ஒரு வரிசை மட்டும் சொர்க்கவாசல் திறக்கக் காத்திருக்கிற கியூ மாதிரி நிற்குமாம். "ஏற்கெனவே எட்டுத் தூண் மறைக்குது, இது ஒன்பதாவது" என்று யாரோ கத்தினார்கள்.

இடைவேளையில்தான் திரும்பிப் பார்த்தார். "எந்த ஊர்டா நீ?"

"பாலக்கரைங்க."

அன்றிலிருந்து என் பெயர் பாலக்கரை. அவருக்கு என் பெயர் தெரியாது, எனக்கு அவர் பெயர் தெரியாது, பத்து வருஷ சிநேகம்.

"ஏன் மாமா நின்னுக்கிட்டே இருக்கீங்க?" என்று கேட்டேன். முகம் வாடிவிட்டது. போன வருஷம் ஃபைனலில் மெட்ராஸ் டீமோடு ஆட்டமாம். பதற்றத்தில் முதலிலிருந்தே நின்றிருக்கிறார். கடைசி நிமிஷம், நாம் மூன்று பாயிண்ட் முன்னால்.

"ஜெயிச்சாச்சுன்னு நெனச்சு அப்பாடான்னு உக்காந்தேன்டா. உக்காந்தது உக்காந்தபடி இருக்கேன், அவன் ரெண்டு கூடை போட்டுட்டான். ஒரு பாயிண்ட்ல போச்சு."

"அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க மாமா?"

"என்ன பண்ணுவேனா? நான்தானேடா உக்காந்தேன்!" ஸ்ரீரங்கம் பக்கம் கையைக் காட்டினார். "எங்க ஊர்ப் பெருமாள் படுத்துண்டே லோகத்தை ரக்ஷிக்கிறார். அவருக்கு அது போறும். நம்ம டீமுக்குன்னு ஒருத்தனாவது நிக்க வேண்டாமோ? இந்த டீம் கப்பு வாங்கற வரைக்கும் இந்த ஜிம்முக்குள்ள அடியேன் உக்காரப்போறதில்லை. இது ஒரு கைங்கர்யம்னு வெச்சுக்கோ."

சமயபுரத்துக்கு நடக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்கள் எங்கள் வீட்டிலேயே உண்டு. பாஸ்கெட்பாலுக்காக நிற்கிற வேண்டுதலை அன்றைக்குத்தான் முதல் முதலாகக் கேள்விப்பட்டேன்.

விளையாட்டு என்று நினைத்தேன். மனிதர் பயிற்சி எடுத்தார் ஐயா! கார்த்திகை பிறந்தால் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில், அத்தனை சீட்டும் காலியாகக் கிடக்க, ஸ்ரீரங்கத்திலிருந்து ஜங்ஷன் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வருவார். ஒரு தடவை நானும் அந்தப் பஸ்ஸில் இருந்தேன், கண்டக்டர் கெஞ்சினார்.

"சாமி, பஸ்ஸே காலியா கெடக்கு. அப்படி உக்காருங்களேன்."

"பொங்கலுக்கு இன்னும் ரெண்டு மாசம்தான் இருக்கு. கால் பழக வேண்டாமா?"

கண்டக்டர் என் காதோடு, "பாவம், மூலக்கடுப்புங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். நிஜத்தைச் சொன்னால் நம்பியிருக்க மாட்டார்.

எங்கள் விளையாட்டுக்குப் பொறுப்பான ஃபாதர் ஒருவர் இருந்தார். கழுத்தில் சிலுவையும் விசிலும் சேர்ந்தே தொங்கும். புகார் தாங்க முடியாமல் ஒரு வருஷம் தூண் மாமாவைக் கெஞ்சிக் கூத்தாடிக் கடைசிப் படிக்கு ஏற்றிவிட்டார். "அங்க நின்னா பின்னாடி ஆளே இல்லைங்க, நிம்மதியா நில்லுங்க." பின்னால் ஆளில்லை, வாஸ்தவம். ஆனால் தலைக்கு மேல் தகரம். ஆறடி மனிதர் கூனிக்கொண்டு நின்றார். அங்கிருந்து பார்த்தால் ஆட்டக்காரர்களின் முழங்காலுக்குக் கீழேதான் தெரியும்.

"பரவாயில்லைடா. காலைப் பாத்தே யார்னு சொல்லிடுவேன்" என்றார். சொல்லவும் சொன்னார்.

அந்த வருஷம் நம் டீம் முதல் சுற்றிலேயே மண்ணைக் கவ்விற்று.

அவ்வளவுதான், ஜிம்மே புரண்டது. "உக்காரு, உக்காரு" என்று ஐந்தாறு வருஷம் கத்திய அதே கூட்டம் மைதானத்துக்குள் இறங்கி, "தூண் மாமாவைக் கீழ எறக்குங்க ஃபாதர்! அவரை மேல ஏத்தித்தான் கவுத்துட்டீங்க!" என்று மறியல் செய்தது. மறு வருஷம் ஐந்தாவது படியில் நட்ட நடுவில் அவருக்கென்று ஒரு சாண் இடம், சாக்பீஸால் கட்டம் போட்டு வைத்திருந்தார்கள். அவருக்குப் பின்னால் நிற்கிற வரிசையில் இடம் பிடிக்க அடிதடி. நான் படிப்பை முடித்து ஆபீசில் சேர்ந்த பிறகும் அந்த ஆறாவது படியை எவனுக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

கப்பு மட்டும் வந்தபாடில்லை. அரையிறுதியில் போகும், ஃபைனலில் போகும், ஒரு தடவை நாமே நம் வளையத்தில் போட்டுப் போயிற்று. மாமா அசரவில்லை. "அடுத்த வருஷம்டா பாலக்கரை" என்பார், அடுத்த பஸ்ஸைச் சொல்கிற மாதிரி.

எண்பதுகள் பிறந்தன. மாமாவின் முழங்கால் வீங்கிவிட்டது. ஓர் ஆடி மாதம் ஸ்ரீரங்கத்திலிருந்து மாமியே புறப்பட்டு வந்து, ஃபாதரைப் பார்க்க வேண்டும் என்று என் ஆபீசில் வந்து நின்றார். அழைத்துப் போனேன்.

"நீங்கதான் எங்காத்து மாமாவை உக்கார வெக்கணும்" என்றார் மாமி. "இந்த வருஷமும் மணிக்கணக்கா நின்னார்னா அப்புறம் நடக்கறதே கஷ்டம்னு டாக்டர் சொல்லிட்டார். ஆத்துல சொன்னா காதுலயே வாங்கறதில்லை."

ஃபாதர் விசிலைத் தொட்டுக் காட்டினார். "அம்மா, நான் இதை ஊதினா கிரவுண்டுல இருக்கிற பத்துப் பேரும் கேக்குறாங்க. உங்க வீட்டுக்காரர் ஒருத்தர்தான் கேக்கமாட்டேங்கிறாரு."

மாமி விடவில்லை. "அப்போ கப்பையாவது ஜெயிச்சுக் குடுங்கோளேன். இத்தனை பிள்ளைகள் இருக்காளே, ஒரு மனுஷனை உக்கார வெக்க முடியலையா?"

ஃபாதரின் முகம் சிவந்துவிட்டது. மறுநாளே டீமை வரிசையில் நிறுத்தினார். "டேய், கப்பு காலேஜுக்கு வேணாம், எனக்கும் வேணாம். அந்த மனுஷன் உக்காரணும். புரியுதா?" காலை ஐந்து மணிக்கே ஜிம்மில் பந்து தட்டுகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. டீமில் மருங்காபுரிப் பக்கத்திலிருந்து வந்த ஒருவன் இருந்தான். வானம் பார்த்த பூமியில் கடலை போடுகிற குடும்பம், பனைமரம் மாதிரி வளர்த்தி. ஓட்டம், தாவல் எல்லாம் உண்டு, யாரும் மறிக்காமல் கோட்டில் நின்று போடுகிற ஃப்ரீ த்ரோ மட்டும் வராது. தினமும் நூறு ஃப்ரீ த்ரோ போடாமல் அவனுக்கு டிபன் கிடையாது என்று ஃபாதர் உத்தரவு போட்டார். பாதி நாள் அவன் டிபனே சாப்பிடவில்லை.

தை மாதம். ஃபைனல். அதே மெட்ராஸ் டீம். தூண் மாமா தடி ஊன்றிக்கொண்டு வந்தார்.

"மாமா, தூண்ல சாஞ்சுக்கிட்டாவது நில்லுங்களேன்."

"சாஞ்சா பாதி சயனம்டா. கூடாது."

ஆட்டத்தை நான் விவரிக்கப்போவதில்லை, எனக்கு இப்போது நினைத்தாலும் படபடக்கிறது. ஆட்டம் முடிகிற நொடியில் நாம் ஒரு பாயிண்ட் பின்னால். மருங்காபுரியைத் தள்ளிவிட்டுவிட்டார்கள். அதற்காக நமக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, ஒன்றுக்கு ஒரு பாயிண்ட், அதோடு ஆட்டம் தீர்ந்தது. அந்த நேரம் பார்த்து மாமாவின் கால் நடுங்க ஆரம்பித்தது.

மெட்ராஸ்காரர்களுக்கு இந்தக் கதை எப்படியோ தெரிந்திருந்தது, பாவிகள்! எதிர்க் கேலரியிலிருந்து, "தாத்தா, உக்காருங்க தாத்தா! கால் வலிக்கும்!" என்று உருகினார்கள். நம் ஆட்கள், "உக்காராதீங்க மாமா!" என்று அலறினார்கள். ஜிம்மில் பாதிக் கண் வளையத்தில், பாதிக் கண் மாமாவின் முழங்காலில்.

முதல் பந்து விழுந்தது. சமம். மாமா சரிந்தார். நானும் பக்கத்தில் இருந்தவரும் கக்கத்தில் கை கொடுத்துப் பிடித்துக்கொண்டோம்.

"விட்டுடாதீங்கோடா" என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது. "இன்னும் ஒண்ணே ஒண்ணு."

"விடமாட்டோம் மாமா. போடுறா மருங்காபுரி!"

இரண்டாவது பந்து வளையத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு, போகலாமா வேண்டாமா என்று ஒரு சுற்று சுற்றியது. அப்புறம் உள்ளே விழுந்தது.

கூரை போய்விட்டது என்றே நினைத்தேன். அத்தனை ஜனமும் எழுந்து, படியை மிதித்து, தூசி மழை பெய்து, பக்கத்தில் இருப்பவன் முகம் தெரியவில்லை. நானும் கையை விட்டுவிட்டுக் குதித்தேன். எவ்வளவு நேரம் குதித்தேனோ, மைக்கில் ஃபாதர் குரல் கேட்டது, கப்பு கொடுக்கப் போகிறார்கள். அப்போதுதான் நினைவு வந்து கீழே பார்த்தேன்.

தூண் மாமா உட்கார்ந்திருந்தார். சாக்பீஸ் கட்டத்துக்குள், காலை நீட்டிக்கொண்டு, தலையெல்லாம் தூசியாக. அவரைச் சுற்றி முன்னாலும் பக்கத்திலும் ஜிம் மொத்தமும் நின்றுகொண்டிருந்தது. மனிதர் தடியைத் தட்டித் தட்டிக் கத்திக்கொண்டிருந்தார்.

"உக்காருங்கோளேன் ஓய்! மறைக்கறது!"

ஒருவர் காதிலும் விழவில்லை. நான் குனிந்து, "மாமா, எழுந்திருக்கிறீங்களா? தூக்கி விடறேன், கப்பைப் பாத்துடலாம்" என்றேன்.

"போடா. இப்பத்தானே உக்காந்திருக்கேன்." என் கையைப் பிடித்துக்கொண்டார். "கப்பு பெரிசாடா?"

நான் எட்டிப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். என்னவோ, மனசு வரவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். எதிரே நூறு முதுகு. அந்தக் கப்பு எப்படி இருக்கும் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அவர் பார்க்காததை நான் மட்டும் பார்த்து என்ன ஆகப்போகிறது?