கொக்கோடு பந்தாடியவர்கள்

கொக்கு என்ற பெயரை நான் முதலில் கேட்டது வசவாகத்தான். ஃபெர்மினின் அம்மா, என் தாய்மாமன் மனைவிக்கு ஒன்றுவிட்ட அக்கா, ஒரு மத்தியானம் எங்கள் வாசலில் வந்து நின்று, "அந்தக் கொக்கு எங்கடி தொலஞ்சான், சோறு ஆறுது" என்றாள். நீளக் காலும் இடக்கைப் பழக்கமுமாக இருந்த அந்த ஃபெர்மின் பிற்பாடு நியூயார்க் போய், பேஸ்பால் எறிந்து, தொலைக்காட்சியில் வந்து, போன மழைக்காலத்தில் அங்கேயே செத்து, சாந்தோ டொமிங்கோவுக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் சர்க்கரை ஆலைக் குடியிருப்புக்குப் பெட்டியில் வந்து சேர்ந்தான். அவன் கதையை விடுங்கள். அவனோடு பந்தாடியவர்கள் என்று ஓர் இனம் இருக்கிறது. நான் சொல்ல வந்தது அந்த இனத்தை.

நீங்களும் பார்த்திருப்பீர்கள். பெரிய ஆள் உயிரோடு இருக்கிறவரை இந்த இனம் அடக்கமாக இருக்கும். சாவுச் செய்தி வந்ததோ, மழைக்குப் பின் ஈசல் மாதிரி கிளம்பிவிடும். நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி முழங்காலில் மாட்டி, தூரத்தில் எதையோ பார்ப்பதுபோலக் கண்ணைச் சுருக்கி, யாராவது கேட்கட்டும் என்று ஒரு பெருமூச்சு விட்டு, யாரும் கேட்காவிட்டால் இன்னொன்றைப் பெரிதாக விட்டு, பிறகு தானே ஆரம்பிக்கும். கொக்குக்கு முதல் கையுறை செய்து கொடுத்தது தான்தானாம். பால் அட்டைப்பெட்டியை மடித்துச் செய்ததாம். ஆளுக்கொரு பெட்டி. அத்தனை பால் இந்தக் குடியிருப்பில் ஓடியிருந்தால் எங்கள் எலும்பெல்லாம் இரும்பாக அல்லவா இருந்திருக்கும்? கொக்கு அடித்த பந்து தன் வீட்டு ஜன்னல் கண்ணாடியை உடைத்ததென்று பெருமைப்படுகிறவர்கள் தனி. அந்தக் காலத்தில் இங்கே கண்ணாடி ஏது? எல்லாம் பலகை ஜன்னல். உடைந்தது மட்டும் கண்ணாடி.

இந்த இனத்துக்குத் தலைவர் லியோன்சியோ, என் சித்தப்பா மகள் உபால்தினாவின் புருஷன். கொக்கு எறிய எறிய, எதிரே குந்தியிருந்து பிடித்தவர் தான்தான் என்பார். இவர் மட்டும் சாவுக்குக் காத்திராமல், அந்தக் காலத்திலேயே இதைச் சொல்லித்தான் பெண் கேட்டார். சித்தப்பாவுக்குப் பேஸ்பால் என்றால் கிறுக்கு. ஆலையில் நிரந்தர வேலையோடு வேறொரு மாப்பிள்ளை காத்திருக்க, சித்தப்பா லியோன்சியோவின் உள்ளங்கையைத் தடவிப் பார்த்துவிட்டு, பந்து பிடித்துக் காய்த்த கை என்று மகளை இவருக்கே கொடுத்துவிட்டார். அந்தக் கதை விழுந்தால் கல்யாணமும் கூடவே விழும். அதனால் லியோன்சியோ அதை வருஷா வருஷம் தீனி போட்டு வளர்த்தார்.

ஒன்பதாம் நாள் ஜெபம் வந்தது. மெழுகுவர்த்தி, தம்ளரில் தண்ணீர், இஞ்சித் தேநீர், முற்றம் நிறைய பிளாஸ்டிக் நாற்காலிகள். ஜெபம் முடிந்ததும் கொக்கின் தங்கை மிலாக்ரோஸ், ஞாயிற்றுக்கிழமை ஆலை மைதானத்தில் அண்ணன் நினைவாக ஓர் ஆட்டம் நடக்கும், சின்ன வயதில் அவனோடு ஆடிய ஒருவர்தான் முதல் பந்தை எறிய வேண்டும் என்றாள். ஆண்கள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் முதுகு நிமிர்ந்தது. லியோன்சியோ எழுந்தே விட்டார்.

"உக்காருங்க லியோன்சியோ அண்ணே" என்றாள் மிலாக்ரோஸ். "எங்க அண்ணன் கடைசிவரைக்கும் ஒண்ணுதான் சொல்லுவாரு. நம்ம ஊர்ல என்னைய ஒரு ஆட்டத்துக்குக்கூடச் சேத்துக்கல, கரும்புக்குள்ள விழுற பந்தப் பொறுக்கி எறியத்தான் விட்டானுங்கன்னு. எறிஞ்சு எறிஞ்சுதான் அந்தக் கை வந்துச்சு."

எல்லோரும் தேநீரைப் பார்த்தார்கள். அதில் ஒன்றும் மிதக்கவில்லை. உபால்தினா மெதுவாகத் தலையைத் திருப்பினாள்.

"எங்கப்பாகிட்ட பந்தப் பிடிச்சேன்னு சொன்னியே மனுஷா, அது யாரு எறிஞ்ச பந்து?"

லியோன்சியோ உட்காரவில்லை. இந்த இனத்தின் மேதைமையே அங்கேதான் இருக்கிறது.

"அவன் எறிஞ்சதுதான்" என்றார். "அவனச் சேக்காதீங்கடான்னு சொன்னதே நாந்தான். கரும்புக்குள்ள வெரட்டுனதும் நாந்தான். அங்கேருந்து அவன் எறிஞ்சத இந்தக் கைதான் பிடிச்சுது. நான் மட்டும் எரக்கப்பட்டுச் சேத்திருந்தேன்னு வை, ஆலையில மூட்டை தூக்கியே கெழவனாயிருப்பான்."

பின்வரிசையில் ஒருவர் செருமிக்கொண்டு, சேர்க்காதே என்று முதலில் சொன்னது தான் என்றார். காதைப் பிடித்து வெளியே தள்ளியது தன் கை என்றார் இன்னொருவர். தேநீர் ஆறுவதற்குள் கொக்கை ஆடவிடாமல் செய்த பெருமைக்கு முற்றமே பங்கு கேட்டது. ஒரு நாற்காலி உடைந்தது. மிலாக்ரோஸ் சிரித்த சிரிப்பில் மெழுகுவர்த்தி அணைந்தது.

கடைசியில் அவள், இந்த ஆளை என்ன செய்யலாம் என்று உபால்தினாவிடமே கேட்டாள். உபால்தினா புருஷனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"மொதப் பந்த அவருக்கே குடு. இத்தன வருசம் குடும்பம் நடத்தியாச்சு. இப்பப் போயி அந்த இன்னொரு மாப்பிள்ளைய நான் எங்க தேடுவேன்?"

ஞாயிற்றுக்கிழமை லியோன்சியோ எறிந்த பந்து நாலடி தள்ளி விழுந்து, அவர் செருப்புக்கே உருண்டு வந்தது. கொக்கின் முதல் பந்தும் இப்படித்தான் போனது என்று இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சிரிக்கிறீர்கள். உங்கள் ஊர்ப் பிரமுகர் ஒருவர் செத்தபோது, பள்ளிக்கூடத்தில் அவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததாக நீங்கள் யாரிடமும் சொன்னதில்லையே? அந்தப் பெஞ்சில் மொத்தம் எத்தனை பேர் உட்கார்ந்தீர்கள் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நான் அந்த ரகம் இல்லை. எங்கள் வீட்டில் அவன் பாதி நாள் சோறு தின்றான், அது வேறு விஷயம்.

கொக்கு இப்போது ஆலைக்குப் பின்னால் இருக்கும் கல்லறைத் தோட்டத்தில், அவன் அம்மாவுக்குப் பக்கத்தில் இருக்கிறான்.