ஈயச் சட்டியில் இரண்டு பிடி சீனி

பிடிவாதம் வேறு, மூளை வேறு. இருபத்தேழு வயதில் எனக்கு முதலாவது மட்டும் தாராளமாக இருந்தது.

டோர்ட்மண்டில் நான் எலெக்ட்ரீஷியன். காதலி அன்யா ஜெர்மன்காரி. அவளுடைய அப்பா வெர்னர் பழங்காலத் துப்பாக்கியால் குறி பார்த்துச் சுடுகிறவர்; ஈயத்தை உருக்கிக் குண்டுகளைத் தானே வார்ப்பார். அன்யாவைக் கட்டித் தரச் சொல்லிக் கேட்கப் போன அன்று, அவர் ஈயம் உருக்கும் கரன்ட் சட்டியின் அடிக்குழாய் மூடிய பிறகும் ஈயத்தைச் சொட்டிக்கொண்டிருந்தது. பெண் கேட்கவேண்டிய வாய், சனிக்கிழமைக்குள் திருத்தித் தருகிறேன் என்று சொல்லிவிட்டது.

"முதலில் சட்டி. மற்றதைப் பிறகு பேசலாம்" என்றார் வெர்னர்.

வீட்டுக்குக் கொண்டுவந்து, மூன்று பின்னேரங்கள் பல்கனியில் அந்தச் சட்டியோடு மல்லுக்கட்டினேன். வயர், பிளக், சுவிட்ச் எல்லாம் சோதித்தேன். (ஒழுகியது ஈயம், நான் பார்த்தது மின்சாரம். தெரிந்த தொழிலைத்தானே காட்டலாம்!) சொட்டியது. குழாயை அடைக்கும் கம்பியின் ஸ்பிரிங்கை இறுக்கினேன். அப்போதும் சொட்டியது. விடுவேனா? மூன்றாம் நாள் கம்பியையே உருவிப் பார்த்தால், நுனியில் மிளகளவு கசடு. சுரண்டினேன், நின்றது.

சனி காலை சட்டியோடு புறப்பட்டபோது அம்மா மறித்தார்.

"வெறும் சட்டியையோ குடுக்கப்போறாய்? சம்பந்தி வீடாகப்போற இடமடா. ஒரு பிடி சீனியாவது போட்டுக் கொண்டுபோ."

இரவல் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். இது சமையல் சட்டி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா பார்த்த பார்வையில் இரண்டு பிடியாகப் போட்டேன்.

வெர்னரிடம் முதலில் சீனியைச் சொல்லவேண்டும் என்றுதான் போனேன். அவரைக் கண்ட பயத்தில் கசடைப் பற்றிப் பத்து நிமிடம் பிரசங்கம் செய்தேன். அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, உள்ளே பார்க்காமலே ஈயக் கட்டிகளைப் போட்டுச் சுவிட்சைத் தட்டினார். கொஞ்ச நேரத்தில் கராஜ் முழுக்கப் புகை. தொதல் கிண்டும்போது பாகு அடிப்பிடித்த மணம். அப்போதுதான் எனக்குச் சீனி ஞாபகம் வந்தது.

"உள்ளே என்ன போட்டாய்?"

"சீனி. இரண்டு பிடி."

"ஏன்?"

"வெறும் சட்டியைத் திருப்பிக் கொடுக்கக்கூடாது. அம்மா சொன்னார்."

வெட்கத்தில் செத்தேன். வெர்னர் என்னைப் போகச் சொன்னார். போகவில்லை. கையுறையை மாட்டி, கரிந்த சீனியைக் கரண்டியால் அள்ளி அள்ளி எறிந்தேன். அடியில் ஈயம் பளபளத்தது, குழாயும் சொட்டவில்லை. பெண் கேட்காமலே வீடு திரும்பினேன்.

அம்மா மன்னிப்புக் கேட்டு ஒரு பெட்டி ரோல்ஸ் பொரித்து அனுப்பினார். அடுத்த கிழமை பெட்டி திரும்பி வந்தது. உள்ளே கடதாசியில் சுற்றிய ஒரு ஈயக் குண்டு, கூடவே ஒரு துண்டுக் குறிப்பு: "வெறுமையாகத் திருப்பக்கூடாதாமே. கல்யாணம் எப்போது?"

கல்யாணம் முடிந்து பல வருடங்களாகிவிட்டன. இன்றும் எங்கள் வீட்டில் தேத்தண்ணி கொடுத்தால், வெர்னர் கோப்பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்பார்:

"இதற்கும் இரண்டு பிடியா?"