நெஞ்சுவலி எனக்கில்லை, மச்சான்

786

திண்டுக்கல்,
19-7-1964, ஞாயிறு

ஆம்பூரில் தோல் வியாபாரம் செய்துவரும் மேன்மை தங்கிய மச்சான் மீரான் ராவுத்தர் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை சைனம்புவின் வீட்டுக்காரன் கிதர் முகம்மது அநேக சலாமுடன் எழுதிக்கொள்வது. அவ்விடம் தாங்களும் தங்கள் வீட்டாரும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். இவ்விடத்துச் சுகத்தைப் பற்றி ஒரே வரியில் எழுத முடியாததால் கீழே விவரமாக எழுதுகிறேன். கடிதத்தைப் பார்த்ததும், 'இவனுக்கு மறுபடியும் ஆரம்பித்துவிட்டதா' என்று மடித்து வைத்துவிட வேண்டாம். எனக்கு நெஞ்சுவலி இல்லை. எனக்கு எப்போதுமே இருந்ததில்லை. இதை என் கையாலேயே எழுதுகிறேன். நீங்கள் பத்திரப்படுத்தி வைத்துக்கொள்ளலாம்.

போன வருஷம் காந்திகிராமத்தில் சுகாதாரக் கண்காட்சி நடந்ததும், நான் சும்மா இருக்காமல் அதைப் பார்க்கப் போனதும் உங்களுக்குத் தெரியும். அங்கே மாரடைப்பு என்று ஒரு பெரிய படம் மாட்டியிருந்தார்கள். மீசை வைத்த ஓர் ஆள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். நடு நெஞ்சில் வலி, இடது கையில் குடைச்சல், வேர்வை, படபடப்பு என்று பக்கத்தில் எழுதியிருந்தது. வீட்டுக்கு வருவதற்குள் வேர்வை வந்துவிட்டது. மறுவாரம் படபடப்பு. பிறகு இடது கை. அந்தப் படத்தில் எழுதியிருந்த வரிசையிலேயே எல்லாம் எனக்கு வந்தது. முதல் தந்தி கண்டு நீங்கள் ஓடி வந்தபோது நான் ஆட்டுக்கால் பாயாவில் இடியாப்பம் முக்கிக்கொண்டிருந்தேன். இரண்டாவது தந்திக்கு வந்தபோது, கையைத் தலைக்கு வைத்துத் தூங்கியதால் வந்த மரப்பு என்று டாக்டரம்மா செபாஸ்தியம்மாள் உங்கள் முன்னாலேயே சொன்னார். மூன்றாவதுக்கு நீங்கள் வரவில்லை. ஒரு கார்டு போட்டீர்கள்: 'மாப்பிள்ளை, அடுத்த முறை உறுதியான பிறகு தந்தி கொடுக்கவும்.' அதை நான் கோபமாக வாசித்துக் காட்டினேன். சைனம்பு விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே தாடையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் ஏன் உட்கார்ந்தாள் என்று நான் கேட்கவில்லை, மச்சான். அவள் சிரித்ததுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

அதன்பின் நான் இதய நோயாளியாக வாழ்ந்த விதத்தைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. காற்று வேண்டும் என்று கட்டிலை மாடிக்கு மாற்றச் சொன்னேன். இறங்கினால் இதயத்துக்கு ஆகாது என்று அங்கேயே இருந்துகொண்டேன். எனக்கு உப்பில்லாத சமையல் தனி, மற்றவர்களுக்குத் தனி. வெந்நீர், கஞ்சி, கால் அமுக்கத் தைலம் எல்லாம் பதினாறு படி ஏறி வரும். தூக்கி வருகிறவள் உங்கள் தங்கை. ஒரு நாளைக்குப் பதினைந்து தடவையாவது ஏறியிருப்பாள். மேலே வந்ததும் கதவைப் பிடித்துக்கொண்டு செத்த நேரம் நிற்பாள். "என்ன, நாய் மாதிரி இளைக்கிற?" என்று நான் கேட்டிருக்கிறேன். "முதுகு பிடிக்குதுங்க, மூச்சு வாங்குது" என்பாள். "ஒனக்கு ஒடம்பு போட்டிருச்சு" என்பேன். தாடை வலிக்கிறது என்றால் பல் என்பேன். கிராம்பு வாங்கிக் கொடுத்தேன். வேர்க்கிறது என்றால் அடுப்படியில் நிற்கிறாய் என்பேன். கண்காட்சிப் படத்தில் ஒரு பெண்பிள்ளை இருந்திருந்தால் எனக்குப் புத்தி வந்திருக்குமோ என்னவோ. படத்தின் மேல் பழி போடுவதும் ஒரு வெட்கக்கேடுதான்.

ஜூன் மாதம் இருபத்தாறாம் தேதி, வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிந்து மருமகன் முகமது பாரூக்கும் மகள் கமர்ஜஹானும் என் உடம்பை விசாரிக்க வந்திருந்தார்கள். சைனம்பு மூன்று பேருக்கும் டீ எடுத்துக்கொண்டு படியேறினாள். பாதிப் படியில் தட்டு விழுந்த சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, சேலையெல்லாம் வேர்வையில் நனைந்திருந்தது. "தாடை இழுக்குதுங்க. முதுகுல பாறாங்கல்லத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு" என்றாள். பிறகு வாந்தி எடுத்தாள். கமர்ஜஹான் அவளைத் தாங்கிக்கொண்டு போய்க் கீழே உள்ளறையில் படுக்க வைத்தாள். நான் நிலைமையை உடனே புரிந்துகொண்டு, விரைந்து சென்று டாக்டரம்மாவை அழைத்து வந்தேன்.

டாக்டரம்மா நாடி பார்த்தார், பிரஷர் பார்த்தார், ஓர் ஊசி போட்டார். "இது பல்லும் இல்ல, வாயுவும் இல்ல. மாரடைப்பு" என்றார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். "நோன்புலருந்தே இருக்கும்மா" என்றாள் சைனம்பு. "நான் இந்த வீட்டுக்கு ஆறு தடவ வந்திருக்கேனே. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றார் டாக்டரம்மா. அதற்கு உங்கள் தங்கை சொன்ன பதில்: "நீங்க அவரைப் பாக்க வந்தீக. நடுவுல எனக்கும்னு எப்பிடிக் கேக்குறது?" டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, "உங்ககிட்டயாவது சொன்னாங்களா?" என்றார். "சொன்னா" என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

பாரூக் பிடித்து வந்த காரில் மதுரைக்குக் கொண்டுபோனோம். சின்னாளப்பட்டி தாண்டும்போது அவள் கை என் கைக்குள் ஐஸ் மாதிரி இருந்தது. பெரிய ஆஸ்பத்திரி வாசலில் கார் நின்றதும் இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு ஓடி வந்தார்கள். நான் நடுங்கிக்கொண்டு, வேர்த்துக்கொண்டு முதலில் இறங்கினேனா, என்னைப் பிடித்துப் படுக்க வைத்துவிட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் நாலு கெஜம் தள்ளிக்கொண்டும் போய்விட்டார்கள். காருக்குள்ளிருந்து சைனம்பு, "யப்பா, அவருக்கு ஒண்ணுமில்லப்பா. எனக்குத்தான்" என்றாள். வாசலில் இருந்த ஜனம் சிரித்தது. அந்த நிலைமையிலும் அவளும் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

எனக்கு இ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்று எட்டு மாதமாக டாக்டரம்மாவை நச்சரித்தவன் நான். கடைசியில் அந்தக் காகிதச் சுருளைக் கண்ணால் பார்த்தேன். அதில் ஓடிய கோடு அவளுடையது. மதுரை டாக்டர் விளக்கிச் சொன்னார். இதயம் ஊருக்கெல்லாம் ரத்தம் அனுப்புகிறது, ஆனால் அதற்கே ரத்தம் கொண்டுவரும் குழாய் ஒன்று உண்டு. அது அடைத்துக்கொண்டால் அந்த இடத்துச் சதை செத்துப்போகும். தழும்பு கட்டி ஆறுவதற்கு ஆறு வாரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். பிரஷர் ரொம்ப நாளாக ஏறியிருந்திருக்கிறது, சர்க்கரையும் இருக்கிறது, இரண்டையும் யாரும் பார்க்கவில்லை என்றார். பெண்களுக்கு நெஞ்சு வலிக்காமலே தாடையிலும் முதுகிலும் வரலாம், மூச்சு மட்டும் வாங்கலாம், சமையல் வேலையில் அது யார் கண்ணிலும் படாது என்றார். பிறகு என்னைப் பார்த்து, "சுருட்டுக் குடிப்பீங்களா? நெய்? நடக்கிற பழக்கம் இல்லையோ? அப்ப உங்களுக்கும் நாளைக்கு வரலாம். பயந்து படுத்துக்கிறது மருந்து இல்ல. எந்திரிச்சு நடங்க" என்றார்.

இனிமேல்தான் நான் எழுதப் பயந்த விஷயம் வருகிறது. மறுநாள் துணிமணி எடுக்கத் திண்டுக்கல்லுக்கு வந்தபோது உங்களுக்குத் தந்தி கொடுக்கத் தபாலாபீசுக்குப் போனேன். குமாஸ்தா என் முகத்தைப் பார்த்ததும் தந்திப் பாரத்தை எடுத்து, "நெஞ்சுவலி, உடனே வரவும். ஆம்பூர் அட்ரஸ்தானே, பாய்?" என்று தானே எழுத ஆரம்பித்துவிட்டார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். இந்த முறை நிஜம், எனக்கில்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. நீங்களும் நம்ப மாட்டீர்கள், கார்டு போடுவீர்கள் என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். கமர்ஜஹான் கேட்டபோது, "தந்தி கொடுத்தாச்சு" என்றேன். மூன்று வாரம், மச்சான். வார்டில் செருப்புச் சத்தம் கேட்டால் அவள் வாசலைப் பார்ப்பாள். "அண்ணே வரலையாங்க?" என்பாள். "மண்டியில சோலியா இருப்பாரு" என்று நான் உங்கள் மேல் பழியைப் போட்டேன். போன வியாழக்கிழமை வீட்டுக்கு அழைத்து வந்த பிறகுதான் அவளிடம் உண்மையைச் சொன்னேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நீங்கள் எவ்வளவு திட்டினாலும் அதற்கு ஈடாகாது.

இப்போது அவள் கீழே உள்ளறையில் படுத்திருக்கிறாள். வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்க மாத்திரை தலைமாட்டில் இருக்கிறது. நான் சுருட்டை விட்டு இருபத்து மூன்று நாள் ஆகிறது. காலையில் மலைக்கோட்டையைச் சுற்றி நடக்கிறேன். அரை உப்புப் போட்டு நானே வெஞ்சனம் வைக்கிறேன். முதல் நாள் வாயில் வைத்துவிட்டு, "ஒங்களுக்கு நான் வச்சது இம்புட்டு மோசமாவா இருந்துச்சு?" என்று கேட்டாள். தயிர்க்காரி பேச்சாயி வாசலில் நின்று, "ஏன் ராவுத்தரே, போகப்போறது நீங்கன்னுல்ல தெருவே பேசிக்கிட்டு இருந்துச்சு!" என்கிறாள். இவ்விடத்து மண்டியிலும் பள்ளிவாசலிலும் எல்லோரும் அவளைத்தான் விசாரிக்கிறார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு பதில் சொல்லிவிட்டு வருகிறேன்.

செய்த பிழையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். தாங்களும் நாற்பது தாண்டியவர். ஒரு தடவை பிரஷர் பார்த்துக்கொள்ளவும், முக்கியமாகத் தங்கள் வீட்டம்மாளுக்கும் பார்க்கவும். அவர் ஒன்றுமில்லை என்று சொன்னாலும் பார்க்கவும். அல்லாஹ் தங்கள் குடும்பத்துக்கு நீண்ட ஆயுளையும் பரக்கத்தையும் தந்து, எனக்கு இனிமேலாவது காது கேட்கும் பாக்கியத்தைத் தர வேண்டும், ஆமீன்.

இப்படிக்கு,
தங்கள் முகத்தில் விழிக்கத் தகுதியற்ற
கிதர் முகம்மது

பின்குறிப்பு: மேலே எழுதியதைச் சைனம்புவுக்கு வாசித்துக் காட்டினேன். எல்லாம் சரி, ஓர் இடம் மட்டும் பொய் என்கிறாள். அதைத் திருத்தாமல் தபாலில் போடக் கூடாதாம். ஆகவே எழுதுகிறேன். நான் விரைந்து செல்லவில்லை. டாக்டரம்மாவை அழைத்து வந்தது பாரூக். அவள் படியில் தாடையைப் பிடித்ததைப் பார்த்ததும் எனக்கும் தாடை இழுப்பது போலிருந்ததால் நான் கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டேன். பதற்றத்தில் யாருக்கென்று பாரூக் சொல்லாததால் டாக்டரம்மா வழக்கம்போல நேராக மாடிக்கு ஏறி வந்து என் கையைப் பிடித்து நாடியை எண்ணினார். ஒரு முழு நிமிஷம். கீழே அவள் கிடக்கிறாள் என்று தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை. கமர்ஜஹான் கீழேயிருந்து கத்திய பிறகுதான் அவர் என் கையை விட்டார். இதையும் எழுதி வாசித்துக் காட்டியதும் சைனம்பு, "அந்த நிமிசத்துல ஒங்க நாடி எத்தனைங்க?" என்று கேட்டாள். "எழுபத்திரண்டு" என்றேன். "நல்லா இருங்க" என்றாள். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை, மச்சான். உடனே புறப்பட்டு வந்து கேட்டுச் சொல்லவும்.