சொந்தக்காரர் இல்லாத ஊர்

விண்ணப்பத்தின் முதல் விருப்பம் என்ற கட்டத்தில் மிச்சிகன் என்று தட்டிவிட்டுத் தர்ஷனா கையைக்கூட எடுக்கவில்லை. அதற்குள் அம்மா பூரணம் பின்னால் நின்று படித்துவிட்டார்.

"மிச்சிகனா? நல்லதாப் போச்சு. அங்கேதானே உன் பெரியம்மா இருக்காங்க."

இருபத்தோரு வயதில் அவள் கேட்டதெல்லாம், தன்னை யாருக்கும் தெரியாத ஊரில் ஒரே ஒரு வருடம். சிங்கப்பூரில் அது நடக்காது. போன மாதம் தேக்கா சந்தையில் வகுப்புத் தோழன் அதீஃபோடு நின்று ஒரு தே தாரிக் தேநீர் குடித்தாள். அவள் ரயிலேறி, வீடு இருக்கும் சுவா சூ காங் வந்து சேர்வதற்குள் செய்தி வீட்டுக்கு வந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தது. அதனால்தான் மூன்றாம் ஆண்டு மாணவர்களை ஒரு வருடம் அமெரிக்காவுக்கு அனுப்புகிறார்கள் என்றதும் முந்திக்கொண்டு பெயர் கொடுத்தாள். எந்தப் பல்கலைக்கழகம் என்று முடிவு செய்து வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும்.

யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம் அது. உலகப் படத்தில் கண்ணை மூடிக்கொண்டு விரல் வைத்தாலும் அங்கே ஒரு சித்தி இருப்பார். அந்தத் தூரத்துச் சொந்தங்களின் பெயரும் முகமும் தர்ஷனாவுக்குத் தெரியாது. அதெல்லாம் அம்மாவின் இலாகா.

அன்றைக்கே அம்மா தன் கைபேசியில் பெரியம்மாவைப் பிடித்து நீட்டினார். முகம் காட்ட முடியாது, தலை வாரவில்லை என்றார் பெரியம்மா. ஆனால் பேச்சு கடகடவென்று வந்தது. பல்கலைக்கழகம் அவர் வீட்டிலிருந்து இருபது நிமிடம்தானாம். தினமும் இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து, அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே இருப்பாராம். நடுவில் மணியோசை கேட்டது. வீட்டுப் பூசையாம்.

செவ்வாய்க்கிழமை மிச்சிகனை நீக்கிவிட்டு டெக்ஸஸைப் போட்டாள். டெக்ஸஸில் சித்தி இருந்தார். பெரியம்மாவாவது சாப்பாட்டோடு நிறுத்தினார். சித்தியிடம் காரும் இருந்தது, கல்யாணமாகாத மகனும் இருந்தான். காலையில் அவனே கொண்டுபோய் விடுவான், மாலையில் அவனே கூட்டி வருவான், மற்றதைப் போகப் போகப் பார்த்துக்கொள்ளலாம் என்று சித்தி தொலைபேசியில் சிரித்தபோது தர்ஷனாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்பா ஜெயரத்தினத்திடம் போய் முறையிட்டாள். அது அம்மா பக்கத்துச் சொந்தம், தான் தலையிடுவதற்கில்லை என்று அவர் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார்.

புதன்கிழமை முழுக்க உட்கார்ந்து தேடினாள். ஒரிகன் மாநிலத்தில் ஒரு சின்ன ஊர் அகப்பட்டது. கோயில் கிடையாது, தோசைக் கடை கிடையாது, மிளகாய்த்தூள் வாங்க இரண்டு மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். வருடத்தில் பாதி நாள் மழை. எந்தத் தமிழன் அங்கே போய்க் குடியிருப்பான்? அதையே எழுதிவிட்டு அம்மாவிடம் சொன்னாள்.

"அங்கே நமக்கு யாரும் இல்லையே," என்றார் அம்மா, முகம் வாடி.

அன்றுதான் தர்ஷனா நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் அம்மா காத்தோங் பிள்ளையார் கோயிலுக்குப் போனார். அங்கே மடைப்பள்ளியில் காய் நறுக்கிக் கொடுப்பது அவர் வழக்கம். போனவர் முகம் மலர்ந்து திரும்பினார். ஒரிகனில் அந்த ஊருக்கே, போன மாதம்தான் ஒரு மாமா குடிபோயிருக்கிறாராம். மாமாவும் தொலைபேசியில் வந்தார். தன் வீட்டு வாசலில் நின்றால் அவளுடைய விடுதி ஜன்னல் நன்றாகத் தெரிகிறது என்றார்.

இதோடு விட்டதா? தங்களை விட்டு மாமா ஊருக்குப் போகிறாளே என்று பெரியம்மாவுக்கும் சித்திக்கும் வருத்தமாம். அவர்களைச் சமாதானப்படுத்தப் போய், முடிந்தால் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று தர்ஷனா வாய் தவறிச் சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமை மாலை நாலரை மணிக்கு அம்மா பதிலோடு வந்தார்.

"மூணு பேரும் பேசி முடிவு பண்ணிட்டாங்க. நீ எந்த ஊருக்குப் போனாலும் ஆளுக்கு நாலு மாசம் உன்கூடவே வந்து தங்குவாங்களாம்."

"அதுக்கு நான் இங்கேயே இருக்கலாம் லா, அம்மா."

"அது உன் இஷ்டம். போகாதேன்னு நான் ஒரு வார்த்தை சொன்னேனா?"

சொல்லவில்லைதான். நாலு ஐம்பத்தெட்டுக்குத் தர்ஷனா விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றாள். நிச்சயம்தானா என்று திரை கேட்டது. நிச்சயம் என்று அழுத்திவிட்டு, அறைக்குள் போய்த் தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதாள். அடுத்த வருடம் அவள் படிப்பு முடிந்துவிடும். இப்படி ஒரு வாய்ப்பு இனி வராது. சமையலறையில் அம்மா கேசரி கிளறிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை, ஏதோ வேண்டுதல் பாக்கியிருக்கிறது என்று அம்மா அவளையும் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனார். அர்ச்சனை முடிந்து இருவரும் அன்னதான வரிசையில் நின்றார்கள். சோறு போட்டுக்கொண்டிருந்தவர் ரத்தினம்மா, அம்மாவோடு காய் நறுக்குகிறவர். தர்ஷனா அவரைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. போதுமா, இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று அவர் கடகடவென்று கேட்டார். இந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று தர்ஷனா நிமிர்ந்து பார்த்தாள். பின்னால் நின்ற அம்மாவுக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது.

ரத்தினம்மா இன்னொரு கரண்டி சோற்றைத் தட்டில் வைத்தார்.

"நல்லாச் சாப்பிடு பிள்ளை, இனிமே என்ன ஒளிவு மறைவு? நான்தான் மிச்சிகன், அதோ ரசம் ஊத்துறவங்க டெக்ஸஸ், ஒரிகன் மாமா வெளியில செருப்புப் பார்த்துக்கிட்டு இருக்கார்."