நனையாத ஈ

இந்த ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் இன்றைக்கு என்னவெல்லாமோ செய்கிறார்கள். கார் செய்கிறார்கள், போன் செய்கிறார்கள், கண்ணாடி செய்கிறார்கள். ஒரகடம் வரைக்கும் மூன்று ஷிப்டும் செய்துகொண்டே இருக்கிறார்கள். ஆனால் ஈ செய்த ஆள் இந்த ரோட்டிலேயே ஒருவர்தான். அதுவும் தண்ணீரில் போட்டால் நனையாத ஈ. அவர் வேலை பார்த்த கம்பெனியில்தான் நானும் வேலை பார்த்தேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு.

தொண்ணூற்றொன்றாம் வருஷம். மண்ணூர்ப் பக்கம் அப்போது ஒன்றிரண்டு கம்பெனிகள்தான் இருந்தன. எங்கள் கம்பெனியில் மோட்டாருக்கு வேண்டிய சின்னச் சின்ன பாகங்களைப் பூட்டுவார்கள். வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாக வரும் சாமான்களைப் பிரித்து அடுக்குவது என் வேலை. கேட்டில் வாட்ச்மேனாக இருந்தவர்தான் ஈக்காரர். அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அது சம்பளம் கொடுக்கிறவருக்கு மட்டும்தான் தெரியும்.

மண்ணூரில் பிறந்தவர். சின்ன வயசிலேயே ஊட்டிக்குப் போய், ஒரு டீ எஸ்டேட் துரைக்கு மீன்பிடி சாமான் தூக்கிக்கொண்டு இருபது வருஷம் ஆற்றோரம் நடந்தவர். துரை எஸ்டேட்டை விட்டுப் போகும்போது தன் மூங்கில் தூண்டிலை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாராம். அதைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கி வந்தவர், ஊட்டி ஆற்றில் துரை செய்ததை எங்கள் ஏரியில் செய்து காட்டுகிறேன் என்று நின்றார்.

அந்தத் தூண்டிலுக்குப் புழு கிடையாது. கொக்கியில் சேவல் இறகைச் சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டி, ஈ மாதிரி ஒன்று செய்வார். அது தண்ணீர் மேல் இறகு நுனியில் நிற்க வேண்டும். மீன் அதை நிஜ ஈ என்று நம்பி, தானாக மேலே வந்து வாயைத் திறக்க வேண்டும். மூழ்கினால் போச்சு. மூழ்கின ஈயை எந்த மீனும் திரும்பிப் பார்க்காது என்பார்.

என்னோடு வேலை பார்த்த கன்னியம்மாவுக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏண்ணா, ஒரு மண்புழுவக் குத்திப் போட்டா அர மணியில கொயம்புக்கு ஆயிடும். நீ இன்னாத்துக்கு கோயி ரெக்கய வெச்சிகினு மாரடிக்கிற?"

"த்தூ! புழு போட்டுப் புடிக்கிறது ஏமாத்து வேல."

"இது மட்டும் இன்னாவாம்? ஈயே இல்லாத ஈ!"

அவர் கொக்கியில் நூலை இன்னொரு சுற்று இறுக்கினார். "இது மரியாதயான ஏமாத்து" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஏரிக்கரையில் அவரைப் பார்க்கலாம். கயிற்றைத் தலைக்கு மேல் முன்னும் பின்னும் வீசிக்கொண்டே இருப்பார். ஈயின் ஈரத்தைக் காற்றில் உதறுகிறாராம். தெரியாதவர்கள் பார்த்தால் யாருக்கோ பேய் ஓட்டுகிறார் என்றுதான் நினைப்பார்கள். இரண்டு வருஷத்தில் அந்தத் தூண்டிலில் மாட்டினவை: சைக்கிளில் போனவர் தோளிலிருந்த ஒரு துண்டு, கரையில் காய்ந்துகொண்டிருந்த ஒரு புடவை, அவருடைய சொந்தக் காது. மீன் ஒன்றுகூட இல்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் ஈ மூழ்குவதுதான். ஊட்டியில் துரை ஏதோ சீமை டப்பாவிலிருந்து பிசின் மாதிரி ஒன்றை எடுத்து ஈக்குப் பூசுவாராம். அந்த டப்பாவுக்கு நாங்கள் எங்கே போவது? தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தார். எண்ணெய் பிரிந்து வட்டமாக மிதந்தது, ஈ அடிக்குப் போனது. மெழுகுவத்தியை உருக்கித் தேய்த்தார். இறகெல்லாம் ஒட்டிக்கொண்டு, ஈ கிராம்பு மாதிரி ஆகிவிட்டது. பிறகு ஒருநாள் ஏரியில் வாத்தைப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"மரகதம்! வாத்து ஏன் நனைய மாட்டுது சொல்லு?"

எனக்கு ஆண்களோடு பேசவே வராது. முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"வாலாண்ட ஒரு கொழுப்புக் கட்டி கீதும்மா! அத்த எடுத்து மூக்கால ரெக்கயில பூசிக்கிது. அது எந்த எஸ்டேட்டுக்குப் போயி கத்துக்கினு வந்துச்சி?"

வாத்துக் கொழுப்பு வேலை செய்தது. நாலு வீச்சு வரைக்கும். அதற்குப் பிறகு ஈ நனைந்துவிடும். நனைந்த இறகில் கொழுப்பு ஒட்டாது. முதலில் ஈரத்தை எடுக்க வேண்டும், எடுக்க வழியில்லை. வெயிலில் வைத்தால் அரை நாள் ஆகும்.

இறகு விஷயத்திலும் அவர் லேசுப்பட்டவர் இல்லை. கறிக்கடைக் கோழி இறகு ஆகாது, நன்றாக விளைந்த நாட்டுச் சேவலின் கழுத்து இறகுதான் வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு சேவல் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அதன் எதிரில் குந்திக்கொண்டு, பெண் பார்க்க வந்தவர் மாதிரி அரை மணி நேரம் பார்த்தார். "பத்தே பத்து ரெக்க" என்றார். கொடுத்தோம். அடுத்த வாரமும் பத்து. அதற்கப்புறம் அவர் குரல் தெருமுனையில் கேட்டாலே அந்தச் சேவல் கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

கடைசியில் ஈரத்துக்கு வழி என் வேலையிலிருந்துதான் வந்தது. சாமான் பெட்டிகளுக்குள் சின்னச் சின்னப் பொட்டலங்கள் போட்டு அனுப்புவார்கள். உள்ளே நீலமாக மணி மணியாக இருக்கும். இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க, காற்றிலுள்ள ஈரத்தை அது குடித்துவிடும். பிரித்ததும் குப்பையில் கொட்டுவோம். அப்படி ஒரு பொட்டலம் ஒருநாள் என் கூடையில் விழுந்து வீட்டுக்குக் கிளம்பிவிட்டது. கேட்டில் ஈக்காரர் அதை எடுத்து முகர்ந்தார், குலுக்கினார், இது என்ன என்று கேட்டார். கூட வந்த கன்னியம்மாதான் சொன்னாள். உடனே தொப்பியைக் கழற்றினார். அவருடைய ஈக்களெல்லாம் தொப்பியின் உள்பக்கம்தான் குத்தியிருக்கும். ஒன்றைத் தண்ணீரில் முக்கி, பொட்டலத்தைப் பிரித்து மணிகளை நுணுக்கி, ஈயை அந்தப் பொடியில் போட்டு மூடி, வெற்றிலை போடும் நேரம் பொறுத்து எடுத்து ஊதினார். இறகெல்லாம் சிலிர்த்துக்கொண்டு நின்றது.

"யம்மா தாயே! குப்பையில போட்றீங்களே, உங்களுக்கெல்லாம் மனசாட்சி கீதா?"

எங்கள் சூப்பர்வைசரிடம் போய்க் கேட்டார். குப்பைதானே, எடுத்துக்கொள் என்று அவரும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நான் பொட்டலங்களைச் சேர்த்துக்கொண்டு வந்து கேட்டில் கொடுப்பேன். நீல மணி ஈரம் குடித்தால் ரோஸ் கலராகிவிடும். அதை ஓட்டை வாணலியில் போட்டு வேர்க்கடலை மாதிரி வறுத்து மறுபடி நீலமாக்குவார்.

இந்த இடத்தில் அவருடைய நேர்மையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மேனேஜர் சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறந்து பார்த்துத்தான் வெளியே விடுவார். டூட்டி முடிந்து கிளம்பும்போது தன் சட்டைப் பையைத் தானே தட்டிப் பார்த்து, தனக்குத் தானே "சரி, போ" என்று சொல்லிக்கொண்டு போவார்.

அந்த நேர்மைதான் என்னை மாட்டிவிட்டது.

அப்போது நான் டெம்பரவரி. அடுத்த வாரம் ஆறு பேரைப் பெர்மனென்ட் செய்யப்போகிறார்கள், அதில் என் பெயரும் இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். அந்த நேரம் பார்த்துப் புதிதாக ஒரு செக்யூரிட்டி ஆபீசர் வந்தார். மிலிட்டரியில் இருந்தவர், திருநெல்வேலிப் பக்கம். முதல் நாள் சாயங்காலம், ஷிப்ட் விடும் நேரம், கேட்டில் வந்து நின்றார். பெண்கள் வரிசையாகக் கூடையைக் காட்டிக்கொண்டே போனோம். என் முறை வந்தது. ஈக்காரர் கண்டும் காணாமல் விட்டிருக்கலாம். அவரா விடுவார்?

"சார், இந்தம்மா கூடையில கம்பெனிப் பொருள் கீது" என்று உரக்கச் சொல்லி, பன்னிரண்டு பொட்டலத்தையும் மேசைமேல் அடுக்கினார். பிறகு சந்தோஷமாக, "எனக்குத்தான் சார்!" என்றார்.

ஆபீசர் ஒரு பொட்டலத்தை எடுத்து அதிலிருந்த இங்கிலீஷைப் படித்தார். நான் அஞ்சாம் கிளாஸ், எனக்கு அது கோடு கோடாகத்தான் தெரியும். அவர் முகம் மாறியது.

"தின்னக்கூடாதுன்னுல்லா எழுதியிருக்கு! ஏம்மா, யாருக்கு வைக்கக் கொண்டு போற?"

ஈக்காரர்தான் பதில் சொன்னார். ஊட்டியில் ஆரம்பித்தார். துரை, ஆறு, சேவல் கழுத்து, வாத்து வால் என்று ஒவ்வொன்றாக வந்து, சூப்பர்வைசர் எடுத்துக்கொள்ளச் சொன்னதற்குப் போய்ச் சேர்வதற்குள் கம்பெனி பஸ் இரண்டு தடவை ஹார்ன் அடித்துவிட்டது.

"என்ன வே கதை விடுதீரு? கோழி இறகு தண்ணில மிதக்கதுக்கு மருந்தா?"

"மெதக்கும் சார்."

"சரி, மிதக்க வைங்க பாப்போம். அஞ்சு நிமிசம். மிதந்தா நம்புதேன். முங்கிச்சுன்னா இந்தம்மாவும் நாளைக்கு வரவேண்டாம், நீரும் வரவேண்டாம்."

கேட்டுக்குப் பின்னால் தீ அணைக்கத் தண்ணீர் சேர்த்து வைக்கும் பெரிய சிமெண்டுத் தொட்டி இருந்தது. ஈக்காரர் கேட்டு ரூமிலிருந்து தூண்டிலை எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நடந்தார். பின்னால் ஆபீசர், அவருக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் ஷிப்ட் மொத்தமும். பஸ் டிரைவரும் ஹார்னை விட்டுவிட்டு இறங்கி வந்தார்.

முதலில் மருந்து போடாத ஈயை நனைத்துவிட்டுப் போட்டுக் காட்டினார். கல் மாதிரி போனது. "பாத்துக்கினீங்களா?" என்றார். பிறகு அதே ஈயை எடுத்து, சட்டை நுனியில் ஒற்றி, நீலப் பொடியில் போட்டுக் குலுக்கி, ஊதி, வாத்துக் கொழுப்பைக் கட்டைவிரலில் தேய்த்து லேசாகத் தடவினார். தலைக்கு மேல் இரண்டு வீச்சு. எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு குனிந்தோம். ஈ பஞ்சு மாதிரி இறங்கித் தண்ணீரில் உட்கார்ந்தது.

நின்றது. நிஜமாக நின்றது. காற்று வந்தால் நகர்ந்தது, ஆனால் நனையவில்லை. ஆபீசர் வாட்சைப் பார்த்தார். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். கன்னியம்மா என் கையைப் பிடித்த பிடியில் ஒரு வளையல் உடைந்தது. மூன்று நிமிஷம். என் வேலை அந்தத் தண்ணீர்மேல் ஆறு இறகு நுனியில் நின்றுகொண்டிருந்தது.

நாலாவது நிமிஷத்தில் "ப்ளக்" என்று ஒரு சத்தம். ஈயைக் காணோம்.

"முங்கிட்டு!" என்றார் ஆபீசர்.

கொசு வராமல் இருக்க அந்தத் தொட்டியில் யாரோ ஜிலேபி மீன் விட்டிருந்தார்கள். அதில் ஒன்று மேலே வந்து ஈயை வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டது. இதைச் சொல்ல வேண்டிய ஈக்காரரோ இந்த உலகத்திலேயே இல்லை. மூங்கில் வளைந்து ஆடுகிறது, அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது. "வந்துட்டான்! மேல வந்துட்டான்! தானா வந்துட்டான்!" என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். இரண்டு வருஷத்தில் அவருடைய முதல் மீன். வேலை போகிறது என்பதோ, பக்கத்தில் ஆபீசர் நிற்கிறார் என்பதோ அவருக்குத் தெரியவே இல்லை.

அதுவரைக்கும் அந்தக் கம்பெனியில் "ம்", "சரிங்க" தவிர மூன்றாவது வார்த்தை நான் பேசினதில்லை. அன்றைக்கு எப்படி வாய் வந்தது என்று இப்போது யோசித்தாலும் தெரியவில்லை.

"முங்கல சார்" என்றேன். "மீனு வந்து துன்னுச்சி. மெதந்துகினு இருந்ததாலதான் துன்னுச்சி."

ஆபீசர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அஞ்சு நிமிசம்னு சொன்னேம்லா? நாலுகூட ஆவல."

"நீங்க எங்களாண்டதான சார் சொன்னீங்க? மீனுகிட்ட சொல்லலியே."

பஸ் டிரைவர்தான் முதலில் சிரித்தார். பிறகு ஷிப்ட் மொத்தமும் சிரித்தது. ஆபீசர் உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தார், முடியவில்லை, அவரும் சிரித்துவிட்டார். பொட்டலங்களை என் கூடையில் அவரே போட்டார். மறுநாள் சூப்பர்வைசரைக் கேட்டு, இவற்றை வெளியே விடலாம் என்று கேட்டுக்கு ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

அதற்குள் ஈக்காரர் மீனைக் கரை சேர்த்திருந்தார். ஒரு சாண் இருக்கும். ஆபீசர் குனிந்து, "நல்லா வறுத்தா ருசியா இருக்கும்லா?" என்றார். ஈக்காரர் பதறிப்போய்க் கொக்கியை எடுத்து, மீனை இரண்டு கையாலும் தண்ணீரில் இறக்கிவிட்டார். "என்ன நம்பி வந்தவன் சார் அவன்" என்றார். பிறகு நனைந்த ஈயை நீலப் பொடியில் போட்டுக் குலுக்க ஆரம்பித்தார்.

அடுத்த வாரம் பெர்மனென்ட் ஆர்டர் வந்தது. காகிதத்தைக் கூடையில் மடித்து வைத்துக்கொண்டு கேட்டுக்கு வந்தேன். ஈக்காரர் வழக்கம்போலக் கூடையைச் சோதித்தார். காகிதத்தைப் பிரித்துப் பார்த்தார், மடித்து வைத்தார். பிறகு ஸ்டூலிலிருந்து எழுந்து, தொப்பியைச் சரி செய்துகொண்டு, மேனேஜர் காருக்குக் கதவைத் திறக்கும்போது அடிப்பாரே, அந்த சல்யூட்டை எனக்கு அடித்தார்.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டேன். ஒரு வணக்கம்கூடத் திருப்பி வைக்கவில்லை. இப்போது வைக்கிறேன், அண்ணா.