அந்துருண்டைக் கிராணியும் முதலைக்கு மூத்தவர்களும்

கோலாலம்பூரில் கரப்பான்பூச்சிகள் ஒதுங்கி நின்று வழிவிட்ட ஒரே மனிதர் எங்கள் அந்துருண்டைக் கிராணிதான். கோட்டுப் பைகளில் அந்துருண்டை, குடையின் மடிப்பில் அந்துருண்டை, வெற்றிலைப் பெட்டியில்கூட ஒரு மூலையில் அந்துருண்டை. அவர் ரயில் ஏறினால் அந்தப் பெட்டியில் உட்கார இடம் தாராளமாகக் கிடைக்கும்.

நகரத்து மியூசியத்தில் அவர் கிராணி, அதாவது குமாஸ்தா; பழைய காகிதங்களுக்கு அவர்தான் காவல். மதராஸ் பழக்கத்தில் நம்மவர்கள் மியூசியத்தைச் 'செத்த காலேஜ்' என்பார்கள். அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"யாருய்யா செத்தது? எல்லாரும் லீவுல இருக்காங்க!"

தினமும் காலையில் பாடம் செய்து நிறுத்திய கரடியிடம் போய், "ராத்திரி மழையில ஒழுகிச்சா?" என்று விசாரித்த பிறகுதான் நாற்காலியில் உட்காருவார்.

நான் அவரிடம் மாட்டிக்கொண்டது ஒரு முதலையால். பள்ளிப் படிப்பு முடிந்து, வேலை கிடைக்காமல், பிரிக்பீல்ட்ஸிலிருந்து நடந்தே ஊர் சுற்றிக்கொண்டிருந்த காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மியூசியத்து முதலையின் முன்னால் நின்றேன். காலில் கட்டியிருந்த அட்டையில் 7 என்று மட்டும் இருந்தது. சட்டென்று ஒரு கேள்வி வந்து கடித்தது. இவன் ஏழு என்றால், ஒன்று யார்?

"அண்ணே, இந்த முதலைக்கு முன்னாடி இங்க என்ன வந்துச்சு?"

பக்கத்தில் நின்ற கிராணி பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பவர்போல என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கடிக்குமான்னு கேட்டவன் உண்டு. என்ன விலைன்னு கேட்டவனும் உண்டு. இதுக்கு அண்ணன் யாருன்னு கேட்டவன் நீதான். கையைக் கழுவிட்டு வா, தம்பி."

பின்கட்டில் ஒரு தகரக் கூரை அறை. அதில் மியூசியம் பிறந்த நாளிலிருந்து சேர்ந்த காகிதங்கள், யார் எதை அனுப்பினார், அதற்கு என்ன பதில் போனது என்று கட்டுக்கட்டாகக் கிடந்தன. வாரம் ஒரு கட்டுதான் தருவார். பக்கம் திருப்ப விரல் நாக்குப் பக்கம் போனால், "காகிதமா, பாயசமா?" என்பார்.

என்ன கதைகள்! ரவாங் ஈயச் சுரங்கக்காரர் ஒருவர் 'செத்த ஆமை' என்று எழுதி ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறார். அதற்கு மியூசியத்தின் பதில்: 'தங்கள் ஆமை நேற்றுப் படியிறங்கிப் போய்விட்டது.'

எண் ஒன்றுக்கு உரிய கட்டு அடியில் இருந்தது. அதை எட்டுவதற்குள் மியூசியத்துக்குப் புது வெள்ளைக்காரத் தொரை வந்துவிட்டார். யானை எலும்புக்கூடு ஒன்று வருகிறதாம், அந்த அறை வேண்டுமாம். திங்கட்கிழமை காகிதம் எல்லாவற்றையும் கொல்லையில் கொளுத்திவிட உத்தரவு. கிராணி கெஞ்சிப் பார்த்தார். "கரையான் ஏற்கெனவே படித்துவிட்டது, இனி யார் படிக்கப் போகிறார்கள்?" என்றார் தொரை.

அன்று கிராணி கரடியோடுகூடப் பேசவில்லை. சாயங்காலம் என்னிடம் மட்டும் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை சரஸ்வதி பூசை. பொரி, கடலை வாங்கியா தம்பி. சந்தனம் கொஞ்சம் அதிகமா."

திங்கட்கிழமை காலை மண்ணெண்ணெய் டின்னோடு ஆட்களை ஓட்டிக்கொண்டு வந்த மேஸ்திரி, எங்கள் பேச்சில் மண்டோர், வாசலிலேயே நின்றுவிட்டார். கூரை வரை அடுக்கிய கட்டுகள், ஒவ்வொன்றிலும் சந்தனம், குங்குமம், ஒரு பூ.

"அய்யய்யோ! பூசையில இருக்கிறதையா கொளுத்தச் சொல்றீங்க? என் புள்ளைக்கு ஒரு எழுத்து ஏறுமா?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"நான் சொல்லலை. தொரை சொல்றாரு" என்றார் கிராணி.

"அப்ப தொரையே கொளுத்தட்டும் லா!"

"அபா இனி?" என்று மலாயில் கத்திக்கொண்டே வந்தார் தொரை, இது என்ன கூத்து என்று. கிராணி தம்முடைய இங்கிலீஷில் உள்ளதிலேயே நல்லதை எடுத்து விளக்கினார். இன்று விஜயதசமி, பூசையை எடுத்துவிடலாம். ஆனால் பூசையில் வைத்ததைப் படித்த பிறகே எடுக்க வேண்டும், அதுதான் வழக்கம்.

"படித்துத் தொலையுங்கள்" என்றார் தொரை. மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும் என்று நினைத்தார், பாவம்.

நம் வீடுகளில் விஜயதசமியன்று ஒரு பக்கம் படித்தால் போதும். கிராணியோ என் பக்கம் திரும்பி, "எல்லாத்தையும் படி" என்றார்.

படித்தேன். ஆட்கள் கேட்டதால் தமிழிலும் சொன்னேன். அவர்கள் குந்தி உட்கார்ந்து பொரி தின்றார்கள்.

"அந்த ஆமை அப்புறம் எங்க போச்சு?" என்றார் மண்டோர்.

"அடுத்த கட்டுல இருந்தாலும் இருக்கும்" என்றார் கிராணி, முகம் மாறாமல்.

செவ்வாயும் படித்தேன், புதனும் படித்தேன். ஆட்கள் எனக்கு முன்பே வந்து காத்திருந்தார்கள். ஆனால் கட்டுகள் குறையக் குறைய கிராணியின் முகம் சுருங்கியது. படிப்பு முடிந்தால் நெருப்புத்தானே! "மெதுவாப் படி. இது என்ன தந்தியா?" என்றார். 

கடைசிக் கட்டையும் பிரித்தேன். எண் ஒன்று: காலிக் கண்ணாடிப் பெட்டி. அவ்வளவுதான். உள்ளே வைக்க ஊரில் ஒன்றும் சேராத நாளிலேயே, எப்படியும் ஏதாவது வரும் என்று நம்பி யாரோ ஒரு தச்சர் பெட்டியைச் செய்து அனுப்பியிருக்கிறார்.

 வாசற்பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. "சரி, அதில் முதலில் எதை வைத்தார்கள்?"

திரும்பினோம். தொரை! எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

"அந்தக் காகிதம் கரையான் அரிச்சதுல இருக்கு, சார். துண்டு துண்டா ஒட்டிப் பார்க்கணும். நாளாகும்" என்றார் கிராணி.

தொரை தலையைச் சொறிந்தார். பிறகு மண்ணெண்ணெய் டின்னைக் காட்டி, அதைக் கொண்டுபோகச் சொன்னார். யானை வராந்தாவில் நின்று மழையில் நனைந்தது.

கிராணி இப்போது ஓய்வுபெற்று கிளாங்கில் இருக்கிறார். போன வாரம் பார்த்தேன். அங்கே ஒரு பழைய கிடங்கில் காகிதக் குவியலைக் குப்பையில் தள்ளப் போகிறார்களாம்.

"நவராத்திரிக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கே அண்ணே?"

"சரஸ்வதி என்ன, காலண்டர் பார்த்தா வர்றா? நீ சனிக்கிழமை ரயிலைப் பிடி."

சந்தனம் வாங்கிவிட்டேன். முதலில் கிடங்குக்காரரைப் பேச்சில் மடக்க வேண்டும், பிறகு குவியலில் இறங்க வேண்டும். ஒன்றும் கிடைக்காமல் போனாலும் நஷ்டமில்லை. திரும்பி வரும் ரயில் வரைக்கும் அவரோடு பேசிக்கொண்டிருக்கலாம்.