அத்தைக்கு ஒரே மணியார்டர்

கூடுவாஞ்சேரி
12.8.2001

அன்பும் மரியாதையும் நிறைந்த பெரியப்பா அவர்களுக்கு,

தம்பி வரதனின் மகள் ஹரிப்ரியா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். சேலத்தில் தங்கள் முழங்கால் வலி தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். மாமல்லபுரத்தில் ஞானம்பாள் அத்தை சுகமா இல்லையா என்பதை ஒரு வார்த்தையில் எழுத முடியவில்லை. அதனால்தான் இன்லண்ட் லெட்டர் போதாமல் கவர் வாங்கினேன்.

யோசனை என்னுடையதுதான், மறுக்கவில்லை. மாமா காலமான பிறகு அத்தைக்கு அண்ணன் தம்பிகள் மூவரும் உதவி வருகிறீர்கள். அப்பா தருவது மருந்துக்கு. ஆகவே அத்தை நோயாளியாக இருக்க வேண்டும். கல்பாக்கம் செல்வராஜ் சித்தப்பா தருவது இட்லி மாவு வியாபாரத்துக்கு. ஆகவே அத்தை திடமாக இருக்க வேண்டும். தாங்கள் தருவது வீட்டுச் செலவுக்கு. ஆகவே அத்தைக்கு வேறு வருமானமே இருக்கக் கூடாது. ஒவ்வொருவரும் தனியாக வந்து, பார்த்து, திருப்திப்பட்டு, பணத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறீர்கள். ஏழைகளுக்கான பலவித உதவிகளை ஒன்றாக்கி ஒரே தொகையாகக் கொடுப்பது பற்றி நூலகத்தில் ஒரு கட்டுரை படித்தேன். நாமும் மாதம் ஒரே மணியார்டராக அனுப்பினால் என்ன என்று கேட்டேன். தாங்களும் சம்மதித்து, "முதலில் எல்லோரும் ஒன்றாகப் போய் அவள் நிலைமையைப் பாருங்கள். தகுதி இல்லையென்றால் என் பங்கை நிறுத்திவிடுவேன்" என்று எழுதினீர்கள். அதை அத்தையிடம் படித்துக் காட்டியதுதான் நான் செய்த தப்பு.

"இன்னாடி ஹரி, எல்லாரும் ஒரே நாள்ல வந்தா நான் எந்த மாரி இருக்கறது? படுத்துகினா, எழுந்துகினா?" என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா, சித்தப்பா, நான் போனபோது இரண்டு விதமாகவும் இருந்தார். முன்னறையில் அப்பா உட்கார்ந்தால் போர்வைக்குள் முனகல். சித்தப்பா சமையலறைப் பக்கம் போனால் அங்கே கிரைண்டர் முன்னால் அத்தை. அப்பா "அக்கா எங்கே?" என்று கேட்கும்போதெல்லாம் நான் "பாத்ரூம்ல" என்று சொல்லிச் சொல்லி, அப்பாவுக்கு அத்தையின் வயிற்றைப் பற்றிப் புதுக் கவலை வந்துவிட்டது. கடைசியில் அவசரத்தில் முழங்கை வரை மாவோடு வந்து படுத்துவிட்டார்.

"கையில என்னக்கா வெள்ளையா?" என்றார் அப்பா.

"மருந்துடா. அரிப்புக்கு."

சித்தப்பா குனிந்து மோந்து பார்த்தார். "உளுந்து வாசனை வருதே?"

"நாட்டு மருந்து" என்றார் அத்தை.

இதுவரை சமாளித்திருக்கலாம் பெரியப்பா. மாடி அறை பூட்டிக் கிடப்பதாகத்தானே தங்களுக்குச் சொல்லியிருக்கிறது? அங்கிருந்து துண்டு கட்டிய ஒருவர், தலையெல்லாம் சோப்பு நுரையோடு படியிறங்கி வந்தார். பெயர் ஆபிரகாம். கடற்கரைச் சாலையில் ஆட்டோ ஓட்டுகிறவர்.

"யக்கா, தண்ணி நின்னுபோச்சு. மோட்டாரு போடு, கண்ணு எரியுது."

"யாருக்கா இது?" என்றார் அப்பா.

"கெஸ்ட்டுடா."

"கெஸ்ட்டா! மாசாமாசம் வாடகை குடுத்துகினு கீறேன், இன்னா யக்கா இப்டி சொல்லிட்ட?"

அத்தை எழுந்து உட்கார்ந்து போர்வையை மடித்து வைத்தார்.

"நல்லா கீறேன்னு சொன்னா வரதன் நிறுத்திடுவான். ஒடம்பு முடியலன்னா செல்வராஜ் நிறுத்திடுவான். வாடகை வருதுன்னா அண்ணாத்த நிறுத்திடுவாரு. எல்லாம் சேந்தாத்தான்டா மாசம் ஓடுது. நான் இன்னா பண்றது, சொல்லுங்க."

அப்பா ஜன்னலைப் பார்த்தார். சித்தப்பா வாசலில் கிடந்த தன் செருப்பைப் பார்த்தார். ஆபிரகாம்தான், "மொதல்ல மோட்டாரு போடுங்க சார்" என்றார்.

பிறகு எல்லோரும் அந்த மாவில் தோசை சாப்பிட்டோம். சித்தப்பா சிரிக்கத் தொடங்கி, புரையேறி, அத்தையிடம் தலையில் தட்டு வாங்கினார். கை கழுவும்போதே முடிவாகிவிட்டது: நோய், வியாபாரம், வாடகை எதையும் இனி யாரும் கேட்பதில்லை. எல்லார் பங்கையும் நான் வாங்கி, மாதப் பிறப்பில் ஒரே மணியார்டராக அனுப்பிவிடுவேன். யாரும் பஸ் ஏறி அலைய வேண்டாம். தங்கள் பங்குதான் பெரியது. அதை நிறுத்தினால் அத்தையால் சமாளிக்க முடியாது. பொய் சொன்னாரே தவிர எதையும் சேர்த்து வைக்கவில்லை. கோபத்தை என்மேல் காட்டிவிட்டு, தயவுசெய்து பணத்தை அத்தைக்கு அனுப்புங்கள்.

பெரியம்மாவுக்கு என் வணக்கம். தங்கள் இருவர் ஆசியும் எனக்கு வேண்டும். இந்தத் தடவை சற்றுக் கூடுதலாகவே வேண்டும்.

என்றும் அன்புள்ள,
ஹரிப்ரியா

பி.கு.: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் அத்தை எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினார். "ஒரே மணியார்டர்னா போஸ்ட்மேன் மட்டும்தானே வருவாரு? இவனுங்க எதுக்குடி வருவானுங்க? அண்ணாத்த அம்மாந்தொலவு வந்து திட்டிட்டு, ரெண்டு வாய் சாப்ட்டுட்டுப் போவாரே, அதுவும் போச்சா? வாணாம்டி, பழைய மாரியே இருக்கட்டும்" என்றார். குரல் சரியாக இல்லை. ஆகவே மேலே எழுதியது எதுவும் தங்களுக்குத் தெரியாது. முழங்கால் தேறியதும் நேரில் வந்து வழக்கம்போலக் கண்டிப்பாக விசாரிக்கவும். வரும் தேதியை மட்டும் முன்கூட்டி எழுதிவிடுங்கள். அன்று அப்பாவும் சித்தப்பாவும் அந்தப் பக்கம் வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.